1/12 அளவில் ஓர் அம்பாசடர்: குமரி மாவட்டத்தில் கிடைப்பதை வைத்து மாடல் கார் கட்டும் முழு வழிகாட்டி

ஒரு மாடல் காரைப் பார்த்த உடனே ‘பொம்மை’ என்று கண் சொல்லிவிட்டால், குற்றம் பெரும்பாலும் பெயின்டில் இல்லை. தடிமனில் இருக்கிறது. நிஜக் காரின் கதவுத் தகடு ஏறத்தாழ 1 மி.மீ. அதைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் 0.08 மி.மீ. ஜெராக்ஸ் எடுக்கிற தாளே கிட்டத்தட்ட 0.1 மி.மீ. இருக்கும். இதே அளவில் ஒன்றரை, இரண்டு மி.மீ. பிளாஸ்டிக்கில் பாடி செய்தால், 18 முதல் 24 மி.மீ. தடித்த இரும்புப் பலகையில் செய்த கார் என்றுதான் அர்த்தம். அதற்குப் பிறகு எத்தனை நூறு உதிரி ஒட்டினாலும் கண்ணை ஏமாற்ற முடியாது.

இந்த வேலையில் பேர் வாங்கியவர்கள் எல்லாம் தடிமனோடு மல்லுக்கட்டியவர்கள்தான். இங்கிலாந்தின் ஜெரால்ட் விங்ரோவ், பார்சலோனாவின் மானுவல் ஒலிவே சான்ஸ், டுரின் நகரத்து மிகேலே கொன்டி எல்லாருமே, உதிரிகளாகப் பெட்டியில் வரும் கிட் வாங்கி ஒட்டாமல், மூலப்பொருளிலிருந்தே கார் செய்தவர்கள். பிரான்ஸின் பியர் ஷெரி ஒரு படி மேலே போய், ஃபெராரி 312 பி.பி. பந்தயக் காரை மூன்றில் ஒரு பங்கு அளவில், நிஜமாகவே ஓடும் 12 சிலிண்டர் இன்ஜினோடு கட்டினார். 15 வருடம் ஆனது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை பையன்களுக்கு மாடல் போட்டி நடத்தியது. முதலில் நெப்போலியன் காலக் குதிரை வண்டி, பிறகு 1/12 அளவில் கார்கள். 1947ல் அதில் பரிசு வென்ற சக் ஜோர்டன் பிற்பாடு அதே கம்பெனியின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார்.

அந்த ஊர்களில் இருந்த வசதி நமக்கு ஏது என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. குளச்சல், முட்டம் பக்கம் ஃபைபர் வள்ளம் கட்டுகிறார்கள். வடசேரியில் கோயில் நகை செய்கிறார்கள். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால் வடிக்கிறார்கள். மாடல் காருக்கு வேண்டிய மூன்று தொழில்களும் நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்துக்குள் இருக்கின்றன. வெளிநாட்டு உபகரணம் வரவழைப்பதற்கு முன் இந்தப் பட்டறைகளுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

எந்த வண்டி, எந்த அளவு

கிட் கட்டிப் பழகியவர்களுக்கு 1/24 கைவந்த அளவு. சேகரிப்பாளர்கள் விரும்பும் 1/43, பொம்மை ரயிலின் ஓ கேஜ் என்ற அளவிலிருந்து வந்தது. இத்தாலியின் போச்சர் கிட்கள் 1/8. டாமியா 1967ல் வெளியிட்ட ஹோண்டா எஃப்1 கிட் 1/12. இன்று ஜப்பானின் மாடல் ஃபேக்டரி ஹிரோ உலோகத்தில் செய்து விற்கும் பெரிய கிட்களும் 1/12தான். கதவு திறக்க வேண்டும், பானட்டுக்கு அடியில் ஒயர் தெரிய வேண்டும், ஆனால் கார் மேசையை அடைத்துக்கொள்ளக் கூடாது என்றால் 1/12தான் சரி.

வண்டிக்கு அம்பாசடரைச் சொல்கிறேன். காரணம் பாசம் இல்லை. அளவெடுக்க நிஜ வண்டி கிடைக்கிறது என்பதுதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரிலிருந்து வந்த இந்த வண்டி, வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் ஒர்க்‌ஷாப்புகளில் ஒன்றிரண்டு இன்னும் நிற்கும். படத்தில் மட்டும் பார்த்த ஃபெராரியைக் கட்டுவதைவிட, கை வைத்து அளக்க முடிந்த அம்பாசடரைக் கட்டுவது பத்து மடங்கு பயன் தரும். எந்த மாடல், எந்த வருடத்து வண்டி என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். கிரில், டேஷ்போர்டு, கியர் லீவர் இருக்குமிடம் எல்லாம் காலத்துக்குக் காலம் மாறியவை. ஒரு வண்டியின் முகத்தை இன்னொன்றின் உடம்பில் வைத்தால் பழைய டிரைவர்கள் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள்.

அளவெடுப்பது

மொத்த வேலையில் பாதி இங்கே முடிகிறது. அவசரப்படுகிறவர்கள் பாதியில் நிறுத்திவிடுவதும் இதனால்தான்.

முதலில் தெரிந்த எண்கள். அம்பாசடரின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம், 2464 மி.மீ.; பன்னிரண்டால் வகுத்தால் 205.3. மொத்த நீளம் 4325 மி.மீ. அளவில் வரும், மாடலில் 360.4. அகலம் 1662, மாடலில் 138.5. டயர் 5.90-15 என்பதால் வெளிவிட்டம் சுமார் 680 மி.மீ.; மாடலில் 57க்குச் சற்றுக் குறைவு. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ.; மாடலில் 31.75. இவற்றை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மற்ற அளவெல்லாம் இவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

அப்புறம் வண்டியிடம் போங்கள். சொந்தக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்கிவிட்டு, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயருக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

“எதுக்கு மக்ளே வண்டிக்க அடியில போய்ப் படுக்க?” என்று ஒரு பழைய டாக்ஸி டிரைவர் கேட்டார்.

“அளவெடுக்கேன் அண்ணாச்சி. இதே மாதிரி சின்னதா ஒண்ணு செய்யணும்.”

“அப்பம் சைலன்சர இடது பக்கமா வலது பக்கமான்னு பாத்து எழுதிக்க. ஆளுக படம் வரைஞ்சா அதத்தான் மாத்திப் போடுவானுவ.”

இப்படிப்பட்ட ஆள் கிடைத்தால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்த வருடத்தில் எந்தப் பாகம் மாறியது என்பது அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது.

போட்டோ எடுக்கும்போது பலரும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று எடுக்கிறார்கள். மூன்று மீட்டரில் நின்று எடுத்தால் முன்பக்கம் ஊதியும் பின்பக்கம் சுருங்கியும் தெரியும். அதிலிருந்து வரைந்த படத்தில் எந்த வளைவும் நிஜமாக இராது. 20 மீட்டர் தள்ளி நின்று, கேமராவை வண்டியின் பாதி உயரத்தில் வைத்து, ஜூம் போட்டு எடுங்கள். பாடியில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டிவிட்டால் போட்டோவிலேயே அளவுகோல் வந்துவிடும். மேகமூட்டமான நாள் நல்லது. வெயிலில் வெள்ளை வண்டியின் வளைவு கேமராவில் விழாது.

வளைவுகளுக்குத் தடித்த அட்டையும் தூக்குக்குண்டும் போதும். முன் பம்பரிலிருந்து 180 மி.மீ.க்கு ஒரு இடம் என்று தரையில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் அட்டையை வெட்டி வெட்டிப் பாடியின் குறுக்கு வளைவோடு பொருந்தவைத்து, அதைத் தாளில் வரைந்து எண் போடுங்கள். 180ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 15. ஆக, மாடலில் 15 மி.மீ.க்கு ஒரு குறுக்குவெட்டு கிடைக்கும். மட்கார்டும் பானட்டும் சேரும் இடத்தில் மட்டும் இதை இரட்டிப்பாக எடுங்கள். அம்பாசடரின் முகம் முழுக்க அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது.

மரக்கட்டை

இனி இந்த வளைவுகளை மரத்துக்கு மாற்ற வேண்டும். குமிழ் நல்ல மரம். உளிக்கு இணங்கும், நார் தூக்காது. நன்றாக உலர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஆனி, ஆடி மழையில் ஈரம் குடித்த கட்டையில் செதுக்கினால் மாசியில் அது வேறு வடிவத்தில் இருக்கும்.

ஒரே கட்டையில் செதுக்காதீர்கள். இடது பாதி, வலது பாதி என்று இரண்டு கட்டைகள் எடுத்து, நடுவில் ஒரு கறுப்புத் தாளை வைத்து ஒட்டுங்கள். எவ்வளவு ஆழமாகச் செதுக்கினாலும் அந்தக் கறுப்புக் கோடு நடுவில் தெரிந்துகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேறு ஆதாரம் வேண்டாம்.

குறுக்குவெட்டு அட்டைகளின் உள்விளிம்பில் கரி பூசி, கட்டைமேல் வைத்து அழுத்துங்கள். கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் எடுங்கள். மீண்டும் வையுங்கள். இதில் குறுக்கு வழி கிடையாது. கடைசியில் 400 உப்புத்தாள் போட்டு, சீலர் அடித்து, கார் பிரைமர் அடித்து, பட்டி பார்த்து, 800 போட்டுத் தேய்த்துவிடுங்கள். கட்டையில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் அச்சில் வரும், அச்சிலிருந்து பாடியிலும் வரும்.

அச்சும் ஃபைபர் பாடியும்

வள்ளம் கட்டும் இடங்களில் பாலியஸ்டர் ரெசின், வெளிப்பரப்புக்குப் பூசும் ஜெல்கோட், கண்ணாடி நார்ப் பாய், ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் எல்லாம் புழக்கத்தில் இருக்கும். அவர்கள் குடம் குடமாகக் கலப்பார்கள். நமக்கு வேண்டியது 100 கிராம். வேலை முறை ஒன்றுதான்.

முதலில் எச்சரிக்கை. ரெசினில் சேர்க்கும் கோபால்ட் திரவமும் ஹார்டனரும் ஒன்றையொன்று நேராகத் தொடக்கூடாது. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட் முன்பே கலந்த ரெசினை வாங்குவதே பாதுகாப்பு. ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்க வேண்டாம். ரெசின் வாடைக்குத் துணி மாஸ்க் உதவாது, கரித் தோட்டா போட்ட மாஸ்க் வேண்டும். மாடியில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். இன்னொன்று: பாலியஸ்டர் ரெசின் தெர்மகோலைக் கரைத்துவிடும். மரத்துக்குப் பதில் தெர்மகோலில் செதுக்கலாமே என்ற யோசனை அங்கேயே முடிந்துபோகிறது.

கட்டைக்கு மெழுகு நான்கைந்து முறை பூசிப் பூசிப் பளபளப்பாக்குங்கள். அதன்மேல், அச்சு ஒட்டாமல் பிரிய உதவும் பி.வி.ஏ. திரவம் ஒரு பூச்சு. அம்பாசடரின் பக்கவாட்டு கீழே போகப் போக உள்ளே மடங்குகிறது. எனவே ஒரே அச்சாக எடுத்தால் கட்டை வெளியே வராது. நடுக்கோட்டில் பலகை வைத்து மறித்து, இடம் வலம் என்று இரண்டு துண்டாக அச்சு எடுத்து, விளிம்பில் போல்ட் போட வேண்டும். ஜெல்கோட் பூசி, விரல் வைத்தால் ஒட்டும், ஆனால் விரலோடு வராது என்ற பதத்தில் நார்ப் பாயை வைத்து ரெசின் ஊற்றுங்கள். ஹார்டனர் எடையில் 1 முதல் 2 சதவீதம். மழைக்காலத்தில் 2 பக்கம் போக வேண்டியிருக்கும். பங்குனி வெயிலில் 1 சதவீதத்துக்கே கிண்ணம் சுடும்.

அச்சு தடியாக இருக்கலாம். பாடி இருக்கக்கூடாது. வள்ளத்துக்குப் போடும் தடித்த பாயை இங்கே தொடாதீர்கள். சர்ஃபேஸ் டிஷ்யூ எனும் மெல்லிய கண்ணாடி நார்த் தாள் ஒன்று, மெல்லிய நெய்த கண்ணாடித் துணி ஒன்று, அவ்வளவுதான். வலு வேண்டிய இடங்களில், அதாவது கூரைக்கு அடியிலும் மட்கார்டின் உட்புறத்திலும், இன்னொரு பட்டை சேர்க்கலாம். அது வெளியே தெரியாது. கடைசியில் சக்கர வளைவு, ஜன்னல் ஓரம், பானட் ஓரம் ஆகிய கண்ணில் படும் விளிம்புகளை மட்டும் உள்பக்கமிருந்து தேய்த்து 0.3 மி.மீ.க்குக் கொண்டு வாருங்கள். பாடி முழுவதும் 0.08 ஆக முடியாது, தேவையும் இல்லை. கண் தடிமனைக் கணக்கிடுவது விளிம்பை வைத்துத்தான். விளிம்பு மெலிந்தால் முழுப் பாடியும் தகடாகத் தெரியும்.

அச்சில் இரண்டு பாடி எடுங்கள். ஒன்றிலிருந்து கதவு, பானட், டிக்கியை வெட்டி எடுங்கள். இன்னொன்றில் அவற்றுக்கான வாசலை வெட்டுங்கள். ஒரே பாடியில் இரண்டையும் எடுக்கப் பார்த்தால் வாள் தின்றது போக மீதி எதற்கும் உதவாது. கதவு இடைவெளி நிஜத்தில் 5 மி.மீ. என்று வையுங்கள், மாடலில் 0.42. ஆனால் பெயின்ட் இரண்டு விளிம்பிலும் ஏறும். ஒரு பக்கம் 0.05 என்றால் இரண்டுக்கும் 0.1. ஆகவே பெயின்ட் அடிப்பதற்கு முன் இடைவெளி 0.52 இருக்க வேண்டும். இந்தப் பத்தில் ஒரு மி.மீ.யை மறந்துவிட்டு, பெயின்ட் அடித்த பிறகு கதவைப் போட்டு இடித்துப் பெயின்டை உதிர்த்தவர்கள் நிறையப் பேர்.

வடசேரிப் பட்டறையின் உதவி

நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. பரதநாட்டியத்துக்குப் போடும் நெத்திச்சுட்டியும் ராக்கொடியும் செய்கிற அதே கருவிகள்தான் பித்தளைக் கிரில்லுக்கும் வேண்டும். சாமணம், சின்ன அரங்கள், மெல்லிய வாள், கம்பி இழுக்கும் தகடு, ஊதுகுழல், வெங்காரம். மாடல் வேலைக்கு என்று ஆன்லைனில் விற்கும் சாமணத்தைவிட நகைப்பட்டறைக்குச் சாமான் விற்கும் கடையில் கிடைப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ஆசாரியிடம் வேலை கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் கல்யாண முகூர்த்தங்கள் நெருங்கும் மாதங்களை விட்டுவிடுங்கள். அவருக்கு நிமிர நேரம் இருக்காது. அவரைப் பார்த்து முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, வாளை அழுத்தாமல் ஓட விடுவது. 4/0 நம்பர் வாள் கால் மி.மீ. கூடத் தடிமன் இல்லை, அழுத்தினால் ஒடியும். வாளை நேராக நிறுத்தி, தகட்டைத் திருப்பி வெட்ட வேண்டும்.

கிரில் பட்டைகள், ஜன்னல் ஓரத்து பீடிங், கதவுக் கைப்பிடி, பம்பர், பம்பர் கொம்பு, ஹெட்லைட் வளையம் எல்லாம் பித்தளையில் வரட்டும். பம்பரை 0.3 மி.மீ. தகட்டில் செய்யலாம். தகட்டைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மெழுகு போல வளையும். தட்டத் தட்ட மறுபடி முறுகிவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும். முறுகிய பிறகும் தட்டிக்கொண்டே இருந்தால் ஓரம் கீறிவிடும். நகாசு வேலைக்குத் தகட்டை அரக்கில் பதித்துத் தட்டுவது போலவே பம்பரின் நுனி வளைவையும் அரக்கில் பதித்துத் தட்டலாம்.

உலோகத்தை உருக்கி ஒட்டுவது பற்றாசு. பாரம் தாங்கும் இணைப்புக்கு வெள்ளிப் பற்றாசு, வெங்காரம். கிரில் மாதிரி மெல்லிய இடத்துக்கு ஈயப் பற்றாசு போதும். ஒரே உதிரியில் இரண்டும் வேண்டுமென்றால் வெள்ளியை முதலில் முடித்துவிடுங்கள். அது அதிகச் சூட்டில் உருகுவது. பற்ற வைத்த உதிரியைச் சுடுதண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவாமல் விட்டால், கடல் காற்றுள்ள நம் ஊரில் சில வாரத்திலேயே பச்சைக் களிம்பு பூத்துவிடும்.

திருகாணி இந்த ஊர் தரும் பரிசு. கம்மலுக்குப் போடும் மரை வெட்டுகிற கருவியிலேயே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் மரையாணி வெட்டிக்கொள்ளலாம். கழற்றி மாட்ட முடிகிற சக்கரம் பெயின்ட் வேலையில் எவ்வளவு சௌகரியம் என்பது போகப் போகத் தெரியும்.

குரோம் பெயின்ட் எனக்குப் பிடிக்காது. எவ்வளவு நல்ல குரோம் பெயின்டாக இருந்தாலும் கை பட்டால் மங்கும். பித்தளை உதிரிகளை நன்றாகப் பாலிஷ் செய்து முலாம் போடும் கடையில் கொடுத்தால் நிக்கல் போட்டு அதன்மேல் குரோம் போட்டுக் கொடுப்பார்கள். அது நிஜக் குரோம். ஒன்று மட்டும் கவனம்: முலாம் எந்தக் கீறலையும் மறைக்காது, காட்டிக் கொடுக்கும். உதிரிகளைத் தனித்தனியாகக் கொடுத்தால் தொட்டியில் தொலைந்துவிடும். ஒரே செம்புக் கம்பியில் வரிசையாகக் கட்டிக் கொடுங்கள்.

தரை, ஸ்பிரிங், இன்ஜின்

அம்பாசடருக்கு லாரி மாதிரித் தனி சேசிஸ் கிடையாது. தரைத் தகடே பாரத்தைத் தாங்குகிறது. எனவே தரையில் இருக்கும் பெட்டி மடிப்புகள் எல்லாம் வர வேண்டும். முன்பக்கம் முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார், பின்பக்கம் பட்டை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். ஸ்பிரிங் பட்டைகளைத் தனித்தனியாக வெட்டி அடுக்குங்கள். ஒரே துண்டில் கோடு கீறினால் பக்கவாட்டில் பார்க்கும்போது தெரிந்துவிடும்.

இன்ஜினுக்கு பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் 1489 சி.சி. பி-சீரிஸ் என்று எடுத்துக்கொண்டால், பிளாக்கை மரத்திலோ பிளாஸ்டிக் ஷீட்டிலோ கட்டி, எம்-சீல் வைத்து வடிவம் கொடுக்கலாம். ஒயருக்கு மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போங்கள். பிளக் ஒயர் நிஜத்தில் 7 மி.மீ., மாடலில் 0.58, 24 கேஜ் செம்புக் கம்பி 0.56. கிட்டத்தட்டச் சரி. பிரேக் பைப் 4.76 மி.மீ., மாடலில் 0.4, அதற்கு 27 கேஜ். மெல்லிய ஒயர்களுக்கு 36 கேஜ், 0.19. அந்தக் கடையில் துண்டுக் கம்பிகளைச் சும்மாவே கொடுப்பார்கள்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ஒயர் இழுக்கும்போது, சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 என்ற வரிசையில் இழுங்கள். இன்ஜின் ஓடப்போவதில்லைதான். ஆனால் பானட்டைத் திறந்து பார்ப்பவர் மெக்கானிக்காக இருந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

டயரும் ரப்பர் பாலும்

டயருக்கு முதல் உருவை லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து, பூவேலையை வெட்டிக்கொள்ளுங்கள். அதிலிருந்து அச்சு எடுத்து, கறுப்பு நிறம் சேர்த்த பாலியூரித்தேன் ரப்பரில் நான்கு, ஸ்டெப்னிக்கு ஒன்று என ஐந்து வார்க்கலாம். இன்னொரு வழி, டயர் ரீட்ரெடிங் கடை. அங்கே இன்னும் வேகாத பச்சை ரப்பர் காம்பவுண்டை ஏறத்தாழ 150 டிகிரியில் அழுத்தி வேகவைப்பார்கள். உங்கள் அலுமினிய அச்சு இரண்டு தகடாகத் திறக்கும்படி இருந்தால், அவர்களிடம் துண்டு காம்பவுண்ட் வாங்கி அதே முறையில் செய்யலாம். நிஜ ரப்பரின் அந்த மங்கல் கறுப்பு வேறு எதிலும் வராது.

ரப்பர் பாலை அச்சு எடுக்கவும் பயன்படுத்தலாம். ஸ்டியரிங், சீட், ஹார்ன் மாதிரி சின்ன உதிரிகளுக்கு அது சிலிக்கோனைவிட மலிவு. மரத்திலிருந்து வடித்த பால் அப்படியே உதவாது; அதில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான், காய்ந்தாலும் பிசுபிசுக்கும். 60 சதவீத ரப்பருள்ள, முன்பே கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய லேடக்ஸ் கேட்டு வாங்குங்கள். பிரஷ்ஷால் மெல்லியதாகப் பூசி, வெள்ளை மாறிக் கண்ணாடி போல மஞ்சளாகும் வரை காயவிட்டு, அடுத்த பூச்சு. எட்டுப் பத்துப் பூச்சு வேண்டும். பொறுக்காமல் தடிமனாகப் பூசினால் உள்ளே காயாது.

இங்கே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. செம்பு ரப்பருக்கு விஷம். பித்தளை உதிரியின்மேல் நேராக லேடக்ஸ் பூசினால் அச்சு கறுத்து, நாளடைவில் பிசினாகிவிடும். உதிரிக்கு முதலில் லாக்கர் அடித்துக் காயவையுங்கள். இரண்டாவது, பிளாட்டினம் வகை சிலிக்கோன் இயற்கை ரப்பர் பட்ட இடத்தில் உறையாது. லேடக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு அந்த சிலிக்கோனைக் கலப்பதுகூடத் தப்பு. இரண்டு வேலைக்கும் தனித்தனிக் கிண்ணம், தனித்தனி பிரஷ்.

பெயின்ட்

இந்த மாவட்டத்தில் பெயின்ட் அடிப்பது பஞ்சாங்கம் பார்த்துச் செய்யும் காரியம். ஜூன் முதல் ஒரு மழை, அக்டோபர் முதல் இன்னொரு மழை. காற்றில் ஈரம் ஏறிய நாளில் லாக்கர் அடித்தால் பெயின்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிவதுதான் காரணம். மெதுவாகக் காயும் தின்னர் ஓரளவு உதவும். நல்ல நாள் அதைவிட உதவும். பிப்ரவரி, மார்ச் மாதங்களின் முற்பகல் சிறந்தது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்களுக்கு ஆடிக் காற்று தனித் தொல்லை; அறைக்குள் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டுத்தான் ஏர்பிரஷ்ஷைத் தொட வேண்டும். கம்ப்ரசருக்கு ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் வேலையே தொடங்க வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பில் ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்ட் பளபளப்பாக இருக்கும் என்று வீட்டில் அடிக்காதீர்கள். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண மாஸ்க் அதற்குப் போதாது. டூ-கேதான் வேண்டுமென்றால், பாடியைக் கொண்டுபோய் பெயின்ட் பூத் உள்ள இடத்தில் கொடுங்கள். பிரைமர் வரை வீட்டில் முடித்துவிட்டுக் கொடுத்தால், கார் அடிக்கும்போது மிஞ்சியதில் இதையும் சேர்த்து அடித்துவிடுவார்கள். ஸ்பிரே துப்பாக்கியைச் சிறியதாக வைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். இல்லாவிட்டால் நிஜ வண்டிக்கு அடிப்பது போல் ஏற்றிவிடுவார்கள். கதவு இடைவெளிக்காகச் சேர்த்துவைத்த 0.1 மி.மீ. போய்விடும்.

சுத்த வெள்ளை வேண்டாம். ஒரு துளி மஞ்சளும் அதைவிடக் குறைவாகக் கறுப்பும் சேர்ந்த வெள்ளைதான் மாடலில் வெள்ளையாகத் தெரியும். கதவு இடைவெளிகளின் உள்ளே கறுப்பு இழுக்காதீர்கள், கரும்பழுப்பு போதும். கறுத்த கோடு போட்ட வெள்ளைக் கார் பென்சிலில் வரைந்தது போல இருக்கும். காய்ந்த பிறகு 1500, 2000 தண்ணீர் உப்புத்தாள், பிறகு ரப்பிங் காம்பவுண்ட். விளிம்புகளில் டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். பெயின்ட் முதலில் கிளம்புவது அங்கேதான்.

கண்ணாடி, உள்ளே, நம்பர் பிளேட்

ஜன்னலுக்கு 0.3 மி.மீ. தெளிந்த பெட் (PET) பிளாஸ்டிக் ஷீட் போதும். முன் கண்ணாடி வளைந்தது. அதற்கு மரத்தில் ஒரு உருவம் செய்து, ஷீட்டைச் சூடாக்கி அதன்மேல் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஃபெவிக்விக் பக்கமே போகாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். ஈரக் காற்றில் இன்னும் மோசம். வெள்ளைப் பசை காயும்போது தெளிந்துவிடும், அதுவே போதும்.

சீட்டுக்கு ரெக்சின் சரிவராது, அதன் சொரசொரப்பு பன்னிரண்டு மடங்கு பெரியது. டிஷ்யூ தாளைப் பசையில் நனைத்துச் சீட்டின்மேல் போர்த்தி, பெயின்ட் அடித்தால் சரியான சுருக்கம் விழும். பின்சீட்டில் போடும் வெள்ளைத் துண்டுக்கு மட்டும் பழைய நைஸ் வேட்டித் துணி பொருந்துகிறது. அதன் நெசவு டர்க்கி டவலின் மேடுபள்ளத்துக்குக் கிட்டத்தட்ட சரியாக வரும். முன் பம்பரில் எலுமிச்சம்பழம் தொங்க வேண்டுமென்றால் 3.3 மி.மீ. எம்-சீல் உருண்டை. அதைக் கோர்க்கும் கம்பிக்குத் தூண்டில் கடையில் கிடைக்கும் மெல்லிய தங்கூசி, அதாவது நைலான் இழை.

நம்பர் பிளேட்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விதிப்படி எழுத்தின் உயரம் 65 மி.மீ., பட்டையின் தடிமன் 10. மாடலில் 5.4, 0.83. நாகர்கோவில் வண்டி என்றால் டி.என். 74, மார்த்தாண்டம் என்றால் டி.என். 75. டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, சொந்த வண்டிக்கு வெள்ளையில் கறுப்பு. தெருவில் ஓடும் யாருடைய நம்பரையும் அப்படியே போட வேண்டாம்.

பெட்டி

கண்ணாடிப் பெட்டி இல்லாமல் இந்த ஊரில் எந்த மாடலும் நிலைக்காது. கடலோரத்தில் உப்புக் காற்று பித்தளையைத் தின்னும். மலையோரத்தில் பூஞ்சை பிடிக்கும். பெட்டியின் மூலைகளை ஒட்டும்போது வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோனைத் தவிர்த்துவிடுங்கள். அந்த அமில ஆவி உள்ளேயே தங்கி, ஈயம் கலந்த உதிரிகளை வெள்ளைப் பொடியாக அரிக்கும். ஈயப் பற்றாசு போட்ட கிரில்லுக்கும் அதே கதிதான். வாடையில்லாத நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். அடிப்பலகைக்குப் பச்சை மரமும் வேண்டாம், அதிலிருந்தும் அமிலம் வரும்.

அடிப்பலகைக்குக் கீழே ஒரு சின்ன இழுப்பறை வைத்து, நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லைப் போட்டு, மேல்தட்டில் நாலைந்து துளை போட்டுவிடுங்கள். நிறம் மாறியதும் எடுத்து 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். காரின் பாரம் டயரில் நிற்காமல், அடியில் இரண்டு கட்டை வைத்துத் தாங்கலாகத் தூக்கி வையுங்கள்; ரப்பர் டயர் ஒரே இடத்தில் நின்றால் அடி தட்டையாகிவிடும். வெயில் நேராக விழும் ஜன்னலோரமும் வேண்டாம். கண்காட்சிக்குப் பஸ்ஸில் கொண்டுபோவதாக இருந்தால் சக்கரங்களைக் கழற்றித் தனியே சுற்றிவிட்டு, தரைத் தகட்டை மரையாணியால் பலகையில் முடுக்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.